அய்யனார் வெள்ளைப் பூ கொடுத்த பிறகு

பெங்களூரிலிருந்து வந்த அந்த மனிதர் எங்கள் ஊருணியில் குதித்ததற்கு நான் காரணம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கும் ஊரில் யாரைக் கேட்டாலும், "செந்தாமரை கூட்டியாந்த ஆளுதான் ஊருணியில விழுந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். கூட்டி வந்தது நான்தான். குதிக்கச் சொன்னது நான் இல்லை.

ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவது என் வேலை. கொத்தமங்கலத்தில் பழைய செட்டியார் வீடு ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். அங்கே தங்க வருகிறவர்களைக் காலை ஐந்தரை மணிக்கு வேனில் ஏற்றி, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் ஊர்க் கோயில் காட்டு முகப்பில் இறக்குவார்கள். காரையடி அய்யனார் காடு. மொத்தமே நாலு ஏக்கர்தான். ஆனால் உள்ளே நாலு எட்டு வைத்தால் வெளியே இருக்கும் பொட்டலும் கருவேலமும் மறந்துபோகும். வீரை, குருந்து, உலக்கைப்பாலை, அவற்றை ஒன்றோடொன்று பின்னிப் பிடித்திருக்கும் கொடிகள், கீழே முழங்காலளவு சருகு. தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு, பதினாறு வருடம் ஒரு தனியார் பள்ளியில் 'இலையின் பாகங்களைக் குறி' என்ற கேள்விக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, நாற்பத்து மூன்று வயதில் இந்த வேலை கிடைத்தது. சம்பளம் குறைவுதான். அதைப் பற்றி நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

முதல் ஒரு மணி நேரம் என்னுடையது. எந்தக் கொடி எந்த மரத்தைப் பிடித்து ஏறுகிறது, எந்தப் பழத்தை எந்தக் குருவி தின்று எங்கே விதைக்கிறது, சருகுக்குக் கீழே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே நடப்பேன். அடுத்த நாற்பது நிமிடம் அக்ஷராவுடையது. அவள் சென்னைப் பெண், தியானம் கற்றுத் தருகிறவள். மாதம் இரண்டு வாரம் விடுதியில் தங்குவாள். எல்லோரையும் சருகின்மேல் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லுவாள். அவளோடு எனக்குப் பகை கிடையாது. ஆனால் "காடு உங்களை அணைத்துக்கொள்கிறது" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். காடு யாரையும் அணைத்துக்கொள்ளாது. அதற்குத் தலைக்குமேல் வேலை இருக்கிறது.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு உட்காரக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான். முதல் சில நாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு மாதம் கழித்து, சருகுக்குள் ஏதோ கிளறும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால் ஆறு அடி தூரத்தில் ஆறுமணிக்குருவி. மழைக்காலம் தொடங்கும்போது வடக்கிலிருந்து வந்து எங்கள் காட்டில் தங்கிப் போகும் பறவை அது. சருகு இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. அத்தனை வருடம் அந்தக் காட்டைச் சுற்றி வளர்ந்தும் அதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அசையாமல் இருந்தால்தான் பார்க்க முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

இனி குதித்தவரிடம் வருகிறேன். மாசி மாதம். பூனைக்காலி காய்த்து முற்றியிருந்த நேரம். பூனைக்காலியைப் பார்த்தால் யாருக்கும் தொடத்தான் தோன்றும், காய் முழுக்கப் பழுப்பு நிறத்தில் மெத்தென்று முடி. தொட்டால் அன்றைக்கு முழுக்கச் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் இதைச் சொல்லித்தான் உள்ளே விடுவேன். அன்றைக்கு அக்ஷரா, வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று வழக்கமான இடத்தை மாற்றினாள். கண்ணை மூடச் சொன்னாள். பிறகு, "கைக்கு எட்டறதைத் தொட்டுப் பாருங்க" என்றாள். நான் எழுந்து ஓடுவதற்குள் அவர் தொட்டுவிட்டார். தொட்ட கையால் கழுத்தைத் தேய்த்தார். கழுத்திலிருந்து முகத்துக்குப் போனார்.

பூனைக்காலி அரிப்புக்குச் சாணிதான் மருந்து. தண்ணீர் பட்டால் இன்னும் பரவும். "தண்ணி வேணாம், தண்ணி வேணாம்" என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. காட்டுக்குக் கீழ்ப்புறம் இருக்கும் ஊருணிக்குள் சட்டையோடு பாய்ந்துவிட்டார்.

எங்கள் ஊருணி குடிதண்ணீர் ஊருணி. அதில் நாங்கள் கால் நனைக்க மாட்டோம். படியில் நின்று, துணியைக் குடத்து வாயில் கட்டி, மொண்டு எடுத்துப் போவோம். அப்போது படியில் நான்கு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நால்வரும் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். நான்கு நாள் ஊரே கேன் தண்ணீர் குடித்தது. கோயில் கமிட்டித் தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன் பாண்டீஸ்வரன். அவன் விடுதிக்குப் போய் நியாயம் கேட்டான். விடுதி மேலாளர் நியாஸ் செக்காலைப் பக்கத்துப் பையன், தணிவாகப் பேசத் தெரிந்தவன். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதலாளி சொன்ன ஒரு யோசனையையும் சொன்னான். பங்குனியில் ஊரில் புரவியெடுப்பு வருகிறது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கிறார்கள். அதற்குள் விடுதிச் செலவில் காட்டைச் சுத்தம் செய்து தருகிறார்களாம். ஜேசிபி வைத்து முள்ளையும் கொடியையும் எடுத்துவிட்டு, சருகை வழித்துவிட்டு, நடக்கச் சிமெண்ட் கல் பதித்து, உட்காரக் கல்பெஞ்சு போட்டு, விளக்கும் நட்டுத் தருகிறார்களாம். ஊருக்குச் சுத்தமான கோயில். விடுதிக்கு அரிப்பில்லாத தியானம். கை குலுக்கிக்கொண்டார்கள்.

என் அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். வருடத்தில் பாதி நாள் விரதம் இருப்பவன். அய்யனாருக்கு நல்லது செய்கிறோம் என்று நெஞ்சார நம்பினான்.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நான் பேசக் கேட்டேன். பேசட்டும் என்று விட்டார்கள்.

"மழை பெஞ்சா அந்தச் சருகுதேன் தண்ணியக் குடிச்சு வச்சு மெல்ல மெல்ல ஊருணிக்கு விடுது" என்றேன். "சருகையும் கொடியையும் எடுத்துட்டீகன்னா முதல் மழையில மண்ணெல்லாம் கரைஞ்சு ஊருணிக்குள்ள வந்துரும். ஒரு ஆளு விழுந்ததுக்கே நாலு நாள் கேன் வாங்கிக் குடிச்சீக. அப்புறம் வருசம் பூரா வாங்கணும். கொடி இல்லாட்டி மரமும் நிக்காது. காத்துக்கு ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டுத்தேன் இந்தக் காடு நிக்கிது."

"அப்ப சாமி குப்பைக்குள்ள கெடக்கணும்ங்குற?" என்றார் கமிட்டியில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"நம்ம வீட்டு முத்தத்துல இம்புட்டுச் சருகு கெடந்தா விட்டு வைப்பமா தாமரை?" என்றான் அண்ணன். உண்மையாகவே கேட்டான். "சாமி இருக்குற எடம் நம்ம வீட்டைவிட நல்லா இருக்க வேண்டாமா?"

அப்போதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். எங்கள் காட்டில் ஒரு குச்சி ஒடிக்கக்கூடாது. விழுந்த விறகைக்கூட எடுக்க மாட்டார்கள். வெளியே வரும்போது வேட்டி சேலையை உதறி, ஒட்டியிருக்கும் இலையைக்கூட அங்கேயே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஏதாவது எடுத்தே ஆகவேண்டும் என்றால் அய்யனாரிடம் பூக்கட்டிக் கேட்க வேண்டும். எழுபதுகளில் மின்கம்பம் நடுவதற்கு மூன்று மரத்தை வெட்டக் கேட்டார்களாம். அய்யனார் சிவப்புப் பூ கொடுத்து மறுத்துவிட்டாராம். கம்ப வரிசை காட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது, இப்போதும் பார்க்கலாம். அந்தக் கம்பத்தை நினைத்துக்கொண்டு, "உத்தரவு இல்லாம எப்படிக் கை வைப்பீக? பூக்கட்டிப் பாருங்க" என்றேன்.

"சரி" என்றான் அண்ணன் உடனே. "வெள்ளிக்கிழமை பூக்கட்டுவோம். அவர் என்ன சொல்றாரோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படணும். சரியா?"

"சரி" என்றேன். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. பாதிக்குப் பாதி என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எம்.எஸ்சி. படித்த எனக்குத் தெரியவில்லை. அய்யனார் தன் காட்டை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அவ்வளவு உறுதியாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பூசாரி செம்மலை ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டையும் ஒன்றில் செவ்வரளியும் வைத்து, வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, குலுக்கி அய்யனார் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். வழக்கமாகச் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அண்ணன் மறித்தான்.

"தாமரையே எடுக்கட்டும். அப்புறம் அவுக செஞ்சாக இவுக செஞ்சாகன்னு பேச்சு வரக்கூடாது."

நியாயமான பேச்சு. குனிந்து இடது பக்கம் கிடந்ததை எடுத்தேன். நாரை நானே அவிழ்த்தேன். நந்தியாவட்டை.

பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் என் தோளில் கை வைத்து, "விடு தாமரை. அவரே சொல்லிட்டாரு" என்றான். அவன் குரலில் ஒரு துளி கெக்கலிப்பு இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது. முதலில் என் கை மேல் வந்தது. பிறகு அண்ணன் மேல். வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் புரிந்தது, எனக்குக் கோபம் அய்யனார் மேல்தான்.

சாமி இல்லை என்பவளாக இருந்தால் இது எளிது. இரண்டில் ஒன்று, வெள்ளை வந்தது, அவ்வளவுதான் என்று தள்ளிவிட்டுப் போகலாம். நான் கும்பிடுகிறவள். அந்தப் பூவை அவர்தான் கொடுத்தார் என்று எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. கொடுத்தது தப்பு என்பதிலும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜேசிபி வருவதாகப் பேச்சு. அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை புரவியெடுப்புக்குக் காப்புக் கட்டுகிறார்கள். எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் பச்சை மரத்தில் யாரும் கை வைக்க முடியாது. திருவிழா முடியும்வரை ஒரு முருங்கைக் கிளையைக்கூட ஒடிக்க மாட்டார்கள். திருவிழா முடிந்த பிறகு விடுதி முதலாளிக்கு இந்தச் செலவில் அக்கறை இருக்காது. திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால் பெயர் வாங்கத்தான் அவர் செய்கிறார். ஆக, எட்டு நாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எட்டு நாள் அந்தக் காட்டுக்குள் இரும்பு இறங்கக்கூடாது.

அன்று மதியம் விடுதிக்குப் போனேன். அக்ஷராவின் கண் சிவந்திருந்தது. ஊருணி விஷயத்தில் அவள் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

"மேடம், நம்ம கையில இல்லாததை ஏத்துக்கத்தான் வேணும்" என்றாள். "பிடிச்சுக்கிட்டே இருந்தா வலிதான். நாளைக்கு க்ரூப்பைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். அங்க உக்காரலாம்."

"இத்தனை நாளும் ஏத்துக்கிறதுக்குத்தான் உக்காரச் சொல்லிக் கொடுத்தீங்களா?"

"வேற எதுக்குன்னு நினைச்சீங்க?"

"நகராம இருக்கிறதுக்கு" என்றேன். "காலு மரத்தாலும், கொசு கடிச்சாலும், வலிச்சாலும் நகரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் அதைத்தான் கத்துக்கிட்டேன். நாளைக்கு ஜேசிபி வர்ற வழியில உக்காரப் போறேன். நீங்க கண்மாய்க்குப் போறதுன்னா போங்க."

நியாஸ் வாசல் வரை கூடவே வந்தான்.

"அக்கா, நாளைக்கு நடைய நிப்பாட்டச் சொல்லிட்டாக முதலாளி. வேன் கெடையாது. உங்ககிட்டச் சொல்லிரச் சொன்னாக."

"நீ சொல்லல. ஃபோன் பண்ணுன, நான் எடுக்கல."

"ரெண்டு தடவ பண்ணுனேன்னு சொல்லிக்கிறேன்க்கா" என்றான்.

சனிக்கிழமை விடியுமுன் விடுதி வாசலில் ஒன்பது விருந்தினர்கள் நின்றார்கள். வேன் இல்லை, நடக்க வேண்டும் என்றேன். ஏன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சாமியின் உத்தரவுக்கு எதிராகப் போகிறேன் என்பதையும் சொன்னேன். அக்ஷரா நின்று நிதானமாக ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். நான்கு பேர் திரும்பித் தூங்கப் போய்விட்டார்கள். ஐந்து பேர் வந்தார்கள். அக்ஷராவும் வந்தாள்.

வழியில் நான் ஒரு மரத்தைப் பற்றியும் பேசவில்லை. காட்டின் மேற்கு ஓரத்தில், சாலையிலிருந்து வண்டி இறங்கக்கூடிய ஒரே இடத்தில், கொடிகளுக்கு உள்ளே உட்கார்ந்தோம். அக்ஷரா வழக்கமாக ஒரு சின்ன மணியை அடிப்பாள். அன்றைக்கு அதை எடுக்கவில்லை. காடு அணைப்பதைப் பற்றியும் பேசவில்லை. "உக்காருங்க. எழுந்திருக்கணும்னு தோணினா எழுந்து போகலாம்" என்றாள். அவ்வளவுதான்.

ஏழேகாலுக்கு ஜேசிபி வந்தது. ஓட்டி வந்தவன் அஜித், பக்கத்து ஊர்க்காரன். கொடிக்குப் பின்னால் ஆட்கள் இருப்பது அவனுக்குத் தெரியாது. முதல் இழுப்பில் ஓரத்துச் சூரைமுள் புதர் வேரோடு போனது. அதோடு சேர்ந்து ஒரு பிரண்டைக் கொடியும் அதைத் தாங்கியிருந்த இளம் குருந்தும் சாய்ந்தன. வெயில் எங்கள் முகத்தில் நேராக விழுந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் என் கையை இறுக்கிப் பிடித்தாள். யாரும் எழவில்லை. அஜித் எங்களைப் பார்த்தான். எஞ்சினை நிறுத்தினான். இறங்கி வந்து, தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

அண்ணன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"என்ன தாமரை இது? பூக்கட்டிப் பாக்கச் சொன்னது நீ. எடுத்தது நீ. கட்டுப்படுறேன்னு சொன்னது நீ."

"ஆமாண்ணே. மூணும் நாந்தேன்."

"அப்பறம்?"

"அவர் சொன்னது தப்பு. நான் கட்டுப்பட மாட்டேன்."

"சாமிக்குத் தப்பு வருமா?"

"வந்துருச்சே."

வாக்கு மீறினாய் என்று அவன் அதிலேயே நின்றிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன். மீறித்தான் இருந்தேன். அவன் அதில் நிற்கவில்லை. அவனுக்குச் சாமியை நான் பேசியதுதான் பெரிதாகப் பட்டது. அஜித்தைப் பார்த்து, "நீ அங்குட்டுப் போயி கெழக்க இருந்து ஆரம்பி" என்றான்.

"கெழக்க ஊருணிக் கரைண்ணே, வண்டி எறங்காது" என்றான் அஜித். "இங்குட்டு ஆளு உக்காந்திருக்கையில நான் பக்கெட்ட எறக்க மாட்டேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா எம்பிள்ளகுட்டிக்கு யாரு பதில் சொல்றது. அவுகள எழுப்பிட்டுக் கூப்பிடுங்க, வாரேன்."

"எத்தன நாளைக்கு உக்காருவ?" என்று என்னைக் கேட்டான் அண்ணன்.

"காப்புக் கட்டுற வரைக்கும்."

விருந்தினர்கள் ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். அவர்கள் சாப்பிட வேண்டும், பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்ஷரா சாயங்காலம் வரை இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் சென்னைக்குப் போனாள். போகும்போது, "நான் சொல்லிக் கொடுத்தது இது இல்லை மேடம். ஆனா இதுவும் சரிதான் போலிருக்கு" என்றாள். அவளை எனக்கு முதல்முறையாகப் பிடித்தது.

அதற்குப் பிறகு தனியாகத்தான் உட்கார்ந்தேன். விடியலில் போவேன், இருட்டியதும் வருவேன். இருட்டியபிறகு அந்தக் காட்டுக்குள் ஊரில் யாரும் இறங்க மாட்டார்கள், ஜேசிபிக்காரனும் மாட்டான். ஞாயிறு ஒருமுறை வண்டி வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. செவ்வாய்க்கிழமை வேறு ஊர் வண்டி ஒன்று வந்தது. அந்த ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் ஒரு மணி நேரம் உறுமவிட்டுப் பார்த்தான். புகையில் எனக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அது அழகான காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதுகு ஒடிந்தது. சுள்ளெறும்பு கடித்தது. ஒதுங்கப் போகும் ஐந்து நிமிடத்துக்குள் வண்டி வந்துவிடுமோ என்று தண்ணீர் குடிக்கவே பயந்தேன். இரண்டாம் நாள் ஊருணிக்கு வந்த முத்தழகு, அன்றைக்குப் படியில் நின்ற நால்வரில் ஒருத்தி, ஒரு தூக்குவாளியை மரத்தடியில் வைத்தாள்.

"நான் ஒன் பக்கம் இல்ல" என்றாள். "நீ செய்யிறது எனக்குப் பிடிக்கல. கோயில் காட்டுல ஒருத்தி வயிறு காயக்கூடாதுன்னு கஞ்சி கொண்டாந்தேன்." கஞ்சியில் சின்ன வெங்காயமும் போட்டிருந்தாள். தினமும் கொண்டுவந்தாள். தினமும் தான் என் பக்கம் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான்காம் நாள் இரண்டு செய்தி வந்தது. விடுதியில் இனி எனக்கு வேலை இல்லை என்று நியாஸ் ஃபோனில் சொன்னான். இன்னொன்றைச் சொல்ல அண்ணனே வந்தான். கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்களாம். காப்பு அன்றைக்கு எனக்குத் திருநீறு கிடையாது.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கோயிலில் திருநீறு கிடையாது என்றால் இந்த ஊரில் உனக்கு இடமில்லை என்று பொருள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்தபோதுகூட என்னை யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஊர்க்காரி என்றுதான் வைத்துக்கொண்டார்கள். அண்ணன்தான் வண்டி வைத்து என் சாமான்களை ஏற்றி வந்தான். அதே அண்ணன்தான் இதையும் சொன்னான். எழுந்து போய்விடலாமா என்று அன்றைக்கு ஒருமுறை உண்மையாகவே நினைத்தேன். எழவில்லை.

ஆறாம் நாள் உச்சி வெயிலில், என் கால் நீட்டியிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கண்ணாடிவிரியன் சருகுக்குள்ளிருந்து வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. நான் மூச்சைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். மூச்சே இல்லை. அது என்னைக் கடித்திருந்தால், அய்யனார் தண்டித்துவிட்டார் என்று ஊர் தலைமுறைக்கும் பேசியிருக்கும். கடிக்கவில்லை. அதற்காக அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அசையாதவளைக் கடிக்கப் பாம்புக்கு அவசியம் இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டுச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டிவிட்டார்கள். எழுந்து நின்றேன். கால் நிலைக்க வெகுநேரம் ஆனது. ஓரத்தில் பத்தடி அகலம் போய்விட்டது, அதை நான் காப்பாற்றவில்லை. மற்றதெல்லாம் நின்றது. சேலையை உதறினேன். நேராகக் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றேன்.

கூட்டம் விலகி வழிவிட்டது. மரியாதையால் இல்லை. பூசாரி செம்மலை தட்டோடு வந்தார். முத்தழகுக்குக் கொடுத்தார். அடுத்து நான். கையை நீட்டியிருந்தேன். என் கையைத் தாண்டி எனக்குப் பின்னால் நின்றவருக்குக் கொடுத்தார். என் கையை நான் மடக்கவில்லை. வரிசை முழுவதும் முடியும்வரை நீட்டிக்கொண்டே நின்றேன்.

எல்லோரும் போன பிறகு அண்ணன் பக்கத்தில் வந்தான். நெற்றி நிறையத் திருநீறு. கண் கலங்கியிருந்தது.

"ஒத்த வார்த்தை தாமரை" என்றான் மெதுவாக. "தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கன்னு அவரப் பாத்து ஒத்த வார்த்தை சொல்லு. நானே தட்ட வாங்கி ஒனக்குப் பூசி விடுறேன். ஒன்னைய இப்படிப் பாக்க எனக்கு முடியல."

என் அண்ணன் எனக்கு வேண்டும். திருநீறும் வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று சொல்லுகிற வீறாப்பு எனக்குக் கிடையாது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்.

அய்யனாரைப் பார்த்துக் கும்பிட்டேன். அண்ணன் முகம் தெளிந்தது.

"தெரிஞ்சுதேன் பண்ணுனேன்" என்றேன் அய்யனாரிடம். "அடுத்த வருசமும் நீங்க வெள்ளைப் பூ குடுத்தா, அடுத்த வருசமும் உக்காருவேன்."

அவருக்குச் சொன்னதுதான். கோயில் வாசல்வரை கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன்.